தலைப்பை வெட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பல ஊர்களுக்கு இப்போது சொந்தமாக ஒரு இணையத்தளம் இருக்கிறது. கோயில் கொடியேற்றம், பாடசாலையின் பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசில் எழும்பிய மதில், மரண அறிவித்தல், இவைதான் அதன் உயிர். இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் செய்திகள் ஓடும். அந்தச் செய்திகளை ஊரில் எவரும் எழுதுவதில்லை. பத்திரிகைகளும் செய்தித் தளங்களும் வெளியிடும் ஓடைகளிலிருந்து (ஆங்கிலத்தில் ஃபீட் என்பார்கள்) அவை தாமாக வந்து சேருகின்றன. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய அறையில் இருந்து இப்படிப்பட்ட தளங்களைக் கட்டிக்கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செய்திப் பெட்டிதான். அதிகம் கவலை தருவதும் அதுதான்.

ஏன் கவலை என்றால், எல்லாரும் அதை ஒரு அலங்காரமாகவே பார்க்கிறார்கள். "தம்பி, அந்த வலப்பக்கம் வெறுமையாக் கிடக்குது, ஏதாவது நியூஸை ஓடவிடும்" என்று சங்கச் செயலாளர் ஐயா சொல்வார். ஓடவிடுவது ஒரு கஷ்டமும் இல்லை. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இரண்டு சொடுக்கில் வந்துவிடும். ஆனால் அதை யார் வாசிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரொறொன்ரோவில் இரவு வேலை முடித்து வந்து போனைத் திறக்கும் ஒரு அண்ணை. பாரிஸில் உணவகச் சமையலறையில் இடைவேளைக்கு வெளியே வந்து நிற்கும் ஒரு தம்பி. ஊரிலேயே பிள்ளைகள் இல்லாமல் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர். இவர்கள் அந்தப் பெட்டியை நம்பி வாசிக்கிறார்கள். வாசித்ததை மற்றவருக்குச் சொல்லும்போது "எங்கட சைற்றில போட்டிருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். எந்தப் பத்திரிகை எழுதியது என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

பிறர் எழுதிய செய்தியை எடுத்து நம் பக்கத்தில் காட்டுகிறோம் என்றால் அதற்கான பொறுப்பில் ஒரு பங்கு நம் தலையில் வந்து சேர்ந்துவிட்டது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சொன்னது முழுதாகப் போய்ச் சேரவேண்டும். எப்போது சொன்னது என்பதும் யார் சொன்னார்கள் என்பதும் கூடவே போகவேண்டும். இந்த மூன்றையும் கெடுக்காமல் காட்டுவதுதான் வேலை. மற்ற எல்லாம், நிறம், வேகம், எழுத்தின் அளவு, பிறகுதான்.

ஓடை என்பது அடிப்படையில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது கணினி வாசிப்பதற்கு வசதியாக எது எது என்று குறிபோட்டு எழுதிய கோப்பு. தளத்தின் பெயர் மேலே, அதற்குக் கீழே ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான நேரம். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் மை நெட்ஸ்கேப் என்ற முகப்புப் பக்கத்துக்காக இதன் முதல் வடிவத்தை ஆர்எஸ்எஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்கள் டான் லிபியும் சென்னை ஐஐடியில் படித்துப்போன ராமநாதன் குஹாவும். வெளியே இருக்கும் தளங்களின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் வாசகர் தனக்கு வேண்டியபடி அடுக்கிவைத்துக்கொள்ளலாம் என்பதே எண்ணம். அதாவது இன்றைக்கு ஊர்த் தளத்தில் நாம் செய்கிற இதே காரியத்துக்காகத்தான் ஓடை பிறந்திருக்கிறது. பிறகு அந்தக் குழந்தை பல கை மாறியது. மென்பொருள் எழுதுபவரான டேவ் வைனர் 2002இல் ஆர்எஸ்எஸ் 2.0ஐக் கொண்டுவந்தார். 2005 டிசம்பரில் அட்டம் என்ற இன்னொரு வடிவம், ஆர்எஃப்சி 4287 என்ற எண்ணோடு, இணையத் தரமாக வந்தது. இரண்டு தரப்புக்கும் நடந்த சண்டையைப் பற்றி நிறைய எழுதலாம். ஒழுங்கான எந்த நிரலும் இரண்டையும் வாசிக்கும் என்பதால் எங்களுக்கு அந்தச் சண்டை தேவையில்லை.

தமிழர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதும் இல்லை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் முழுக்க முழுக்க இப்படிப்பட்ட ஓடைகளை நம்பி நின்ற திரட்டிதான். ஈழத்திலிருந்தும் புலத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எழுதியவர்களை ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தது அதனால்தான். அப்போது பதிவு எழுதத் தொடங்கிய எல்லாருக்கும் ஓடை என்றால் என்னவென்று தெரியும். இன்று கணினி படித்து வருகிற பெடியன்களுக்குக்கூட விளக்கவேண்டியிருக்கிறது.

நான் அவர்களுக்கு இப்படிச் சொல்வேன். சனசமூக நிலையத்து வாசிகசாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நீட்டு மேசை, அதில் அன்றைய பத்திரிகைகள் விரித்தபடி. உதயன் உதயனாகவே கிடக்கும், வீரகேசரி வீரகேசரியாகவே கிடக்கும். முதற்பக்கத்துப் பெயரைக் கிழித்துவிட்டு யாரும் மேசையில் போடுவதில்லை. பாதித் தலைப்பை மடித்து மறைப்பதில்லை. நேற்றைய பேப்பரை இன்றையது என்று வைப்பதில்லை. நிலையம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் எதை மேசையில் போடுவது, எப்படிப் போடுவது என்பதில் நிலையத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. செய்திப் பெட்டி அந்த மேசைதான்.

இனி, அந்த மேசையில் என்னென்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, தலைப்பை வெட்டுவது. பெட்டி ஒடுக்கமாக இருக்கும். தலைப்பு இரண்டு வரிக்கு மேலே போனால் அழகு கெடும் என்று வடிவமைப்பவர் நினைப்பார். ஆகவே ஐம்பது எழுத்தோடு வெட்டி மூன்று புள்ளி போட்டுவிடுவார். சந்தையில் கிடைக்கும் செருகுநிரல்கள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் இது பெரிய பாதகம் செய்யாது. அங்கே யார், என்ன செய்தார், செய்யவில்லை என்பதெல்லாம் பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. இல்லை என்பது அதற்கும் கடைசியில் நிற்கிறது.

"வடமாகாணப் பாடசாலைகளுக்கு நாளை விசேட விடுமுறை வழங்கப்படவில்லை" என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வையுங்கள். கடைசிச் சொல் வெட்டுப்பட்டால் மிச்சம் என்ன? நாளை விடுமுறை. சுருக்கத்தைத் திறந்து வாசிக்காதவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார். "சந்தேகநபர் கைது செய்யப்பட்டதாக வெளியான தகவல் பொய்" என்பதில் கடைசி இரண்டு சொல் போனால் ஒரு மனிதன் கைதாகிவிடுகிறான். "மீனவர்கள் இருவர் உயிரிழந்ததாக உறவினர் அச்சம்" என்பதில் வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து இரண்டு பேர் உயிரோடு இருப்பார்கள் அல்லது இறந்துவிடுவார்கள். இவை நான் உதாரணத்துக்காக எழுதிய வரிகள். ஆனால் எங்கள் பத்திரிகைத் தலைப்புகளின் அமைப்பு இதுதான் என்பது வாசிக்கிற எவருக்கும் தெரியும். யார் சொன்னார் என்பதும் வால்பக்கத்தில்தான் வரும்: "எனப் பொலிஸார் தெரிவிப்பு", "என மக்கள் குற்றச்சாட்டு", "என அமைச்சர் உறுதி". வாலை வெட்டினால் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும், வாக்குறுதி நடந்துமுடிந்த காரியமாகிவிடும்.

அதனால் என் கையில் இருக்கும் தளங்களில் ஒரு விதி: தலைப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவும் வரும். மூன்று வரி என்றால் மூன்று வரி. பத்துத் தலைப்புக் காட்ட இடமில்லை என்றால் ஆறு காட்டுவோம். செயலாளர் ஐயாக்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். அந்த விடுமுறை உதாரணத்தைச் சொன்னால் உடனே விளங்கிவிடும்.

வெட்டுவதில் இன்னொரு சிக்கல் எழுத்து மட்டத்திலேயே இருக்கிறது. கொழும்பு என்ற சொல்லைக் கண்ணால் பார்த்தால் நான்கு எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது எட்டு குறியீடுகள், ஏனென்றால் கொம்பும் காலும் சேர்ந்த குறியும் உகரமும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 24 பைட். பைட் கணக்கில் வெட்டும் நிரல் எழுத்தின் நடுவே வெட்டிவிடும். திரையில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் அந்தக் கேள்விக்குறி வராது. ஆனால் "பு" என்பதில் உகரம் கழன்று "ப" ஆகும், "ம்" புள்ளி இழந்து "ம" ஆகும். இந்தத் தளங்களை எழுதும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இதற்கென்றே முழு எழுத்தாகப் பார்த்து வெட்டும் கிராஃபீம் செயற்கூறுகள் இருக்கின்றன. செய்திச் சுருக்கத்தை வெட்டியே ஆகவேண்டும் என்றால் அவற்றைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, முழு வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டுவது. முற்றுப்புள்ளி வரை போய் நிற்பதற்கு நிரலில் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அப்படியே இணையத்தில் ஏற்றிய பழைய பக்கங்கள் ஓடையில் வந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக நிற்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித்தான் காட்டவேண்டும். இப்போது இது அபூர்வம், ஆகவே கடந்துபோகிறேன்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்கவேண்டும்.

ஊர்த் தளங்களில் அதிகம் வாசிக்கப்படுவது மரண அறிவித்தல். இதைச் சொல்ல எனக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை, புலத்தில் சொந்தக்காரர் இருக்கும் எவரும் தலையாட்டுவார். பல ஊர்த் தளங்கள் மரண அறிவித்தல்களையும் வேறு தளங்களின் ஓடைகளிலிருந்தே எடுத்துக் காட்டுகின்றன. அந்த அறிவித்தல்களின் நடை எல்லாருக்கும் பழக்கமானது. "அன்னாரின் இறுதிக்கிரியைகள் இன்று காலை 10 மணியளவில் அவரது இல்லத்தில் நடைபெற்று..." இந்த "இன்று" எந்த இன்று? பத்திரிகையில் இந்தக் கேள்வியே எழாது, மேலே திகதி அச்சாகியிருக்கும். ஓடையிலிருந்து உருவி எடுத்த ஒரு வரிக்கு மேலே திகதி இல்லை. யாழ்ப்பாணத்தில் காலை 7 மணிக்கு ஏறிய அறிவித்தலை, கோடைகாலத்தில் ரொறொன்ரோவில் இருப்பவர் முதல்நாள் இரவு 9.30க்கு வாசிப்பார். அவருடைய சுவர்க்கடிகாரத்திலும் கலண்டரிலும் அது வேறு ஒரு நாள். அடுத்த நாள் மாலையில் அதே வரியை இன்னொருவர் வாசிப்பார். அவருக்கும் அது "இன்று" என்றே சொல்லும். சவம் எடுத்து முடிந்திருக்கும்.

வீடியோ அழைப்பில் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதற்காகக் காத்திருப்பவர்கள் இவர்கள். வரமுடியாதவர்கள். இவர்களுக்கு நேரம் தப்பாகச் சொல்வதை நான் சின்னப் பிழை என்று ஏற்கமாட்டேன்.

ஆர்எஸ்எஸ் 2.0 விதிப்படி வெளியான நேரம் கட்டாயமான பகுதி இல்லை. போடலாம், விடலாம். அட்டம் வடிவத்தில் புதுப்பித்த நேரம் கட்டாயம், அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டும் கிடைக்கும் இடத்தில் நான் அட்டத்தை எடுப்பேன். நேரம் போட்டிருந்தாலும் நேர வலயத்தைச் சரியாகப் போட்டிருப்பார்கள் என்று இல்லை. சில தளங்களின் ஓடையில் இலங்கை நேரத்தை எழுதிவிட்டு, பக்கத்தில் கிரீன்விச் நேரம் என்று குறித்திருக்கும். காலை 10 மணிச் செய்தி மாலை 3.30 மணிச் செய்தியாக மாறி, இன்னும் வராத நேரத்திலிருந்து வந்ததுபோல மேலே குந்திக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிப்பது லேசு: எடுத்த நேரத்தைவிடப் பிந்திய நேரம் ஒரு செய்தியில் இருக்கக்கூடாது. இருந்தால் அந்த மூலத்துக்கு ஐந்தரை மணி கழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதி, அந்தத் தளத்தாருக்கும் ஒரு மின்னஞ்சல் போடவேண்டும். சொன்னால் திருத்துபவர்கள் இருக்கிறார்கள்.

"5 நிமிடங்களுக்கு முன்" என்று காட்டுவதையும் நான் விட்டுவிட்டேன். பக்கம் சேர்வரில் சேமிக்கப்பட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தாலும் அது 5 நிமிடம் என்றே சொல்லும். திகதி, மணி, பக்கத்தில் "யாழ்ப்பாண நேரம்" என்ற இரண்டு சொல். அதற்குப் பக்கத்தில், வாசகரின் போன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் நேரம். இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும்.

பழைய செய்திகளைச் சேர்த்துவைக்கும் தளங்களுக்கு இன்னொரு விஷயம். இலங்கையின் நேரம் எப்போதும் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியதாக இருக்கவில்லை. 1996 மேயில் ஆறரை ஆக்கினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் ஆறு ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தோம். வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே ஐந்தரையே இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து முகமாலைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வன்னிக்குப் போனவர்களுக்குக் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பிய ஞாபகம் இருக்கும். ஆகவே 2003இல் கிளிநொச்சியில் இருந்து வெளியான ஒரு அறிக்கையின் நேரமும் அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அச்சான செய்தியின் நேரமும் ஒரே கணக்கில் வராது. கொழும்பு என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால் கணினி 1996, 2006 மாற்றங்களைத் தானே பார்த்துக்கொள்ளும். வன்னியின் அரை மணியை அது அறியாது. அதை நாம்தான் குறிப்பாக எழுதிவைக்கவேண்டும்.

அடுத்தது பெயர்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களிடம் ஒரு செய்தியைச் சொன்னால் முதல் கேள்வி "ஆர் சொன்னது?" என்பதாகத்தான் இருக்கும். பிபிசி தமிழோசை சொன்னதா, வெரித்தாஸ் சொன்னதா, இலங்கை வானொலி சொன்னதா என்பதைப் பொறுத்து எவ்வளவு நம்புவது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. மூலத்தின் பெயர் தெரியாத செய்தியை எடைபோட முடியாது என்பதை யாரும் அவர்களுக்குப் படிப்பிக்கவில்லை.

இன்று பல பெட்டிகளில் அந்தப் பெயர் இல்லை. ஐந்து ஓடைகளைக் கலக்கி, நேரப்படி அடுக்கி, தலைப்பை மட்டும் காட்டுகிறார்கள். இன்னும் மோசம், சில தளங்கள் ஓடையில் வரும் முழுச் செய்தியையும் தங்கள் பக்கத்திலேயே தங்கள் பெயரில் போட்டுவிடுகின்றன. மூலத்துக்கு இணைப்புக்கூடக் கிடையாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அன்றாடச் செய்திக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது என்று இதற்கு வாதாடுபவர்களும் உண்டு. நடந்த சம்பவம் எவருக்கும் சொந்தமில்லை என்பது சரி. அதைப் போய்ப் பார்த்து எழுதியவரின் கட்டுரையும் எடுத்த படமும் அப்படி அல்ல. அமெரிக்காவில் 2008 டிசம்பரில் கேற்ஹவுஸ் மீடியா நிறுவனம் நியூயோர்க் ரைம்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது, தன் உள்ளூர்ப் பத்திரிகைகளின் தலைப்பையும் முதல் வரிகளையும் எடுத்துப் பொஸ்ரன் தளத்தில் காட்டியதற்காக. அடுத்த மாதமே சமரசமாக முடிந்தது. அங்கே இணைப்புக் கொடுத்துக் காட்டியதற்கே அவ்வளவு பிரச்சினை வந்தது.

எனக்குச் சட்டத்தைவிட வேறு ஒன்று பெரிதாகப் படுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி எழுதுவது என்பது இங்கே உயிர்போகிற தொழிலாக இருந்திருக்கிறது. மயில்வாகனம் நிமலராஜன் பிபிசிக்கு இங்கிருந்து செய்தி கொடுத்தவர். 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி ஊரடங்கு நேரத்தில் அவருடைய வீட்டிலேயே வைத்துக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் அங்கே வேலை செய்த இருவரைச் சுட்டுக்கொன்றார்கள். அடுத்த நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். இந்த மண்ணில் ஒரு செய்தியின் மேலே இருக்கும் பத்திரிகைப் பெயரை, செய்தியாளர் பெயரை, இடம் போதவில்லை என்று எடுத்துவிடுவதற்கு எனக்குக் கை வராது. என் பெட்டிகளில் மூலத்தின் பெயர் தலைப்புக்கு மேலே வரும், கீழே அல்ல. சொடுக்கினால் நேரே அவர்களுடைய பக்கத்துக்குப் போகும். அவர்களுக்கு வரவேண்டிய வாசகர் அவர்களுக்கே போகவேண்டும்.

எவ்வளவுக்கு ஒருமுறை ஓடையைப் போய்ப் பார்ப்பது என்பதும் முக்கியம். வேர்ட்பிரஸ் தன்பாட்டில் விட்டால் ஒருதரம் எடுத்த ஓடையை 12 மணித்தியாலம் வைத்திருக்கும். விளையாட்டுச் செய்திக்கு அது பரவாயில்லை. காலையில் ஏறிய மரண அறிவித்தல் இரவுதான் தெரியவரும் என்றால் அந்தப் பெட்டியே வேண்டாம். மறுபக்கம், ஒவ்வொரு வாசகர் பக்கத்தைத் திறக்கும்போதும் மூலத் தளத்துக்கு ஓடுவதும் அநியாயம். எங்கள் உள்ளூர்ச் செய்தித் தளங்கள் சிறிய சேர்வரில் குறைந்த காசில் நடப்பவை. நான் அரை மணிக்கு ஒருமுறை, சேர்வரிலிருந்து, ஒரே ஒரு தடவை எடுக்கச் சொல்லியிருப்பேன். அதிலும் "கடைசியாக நான் எடுத்ததற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா" என்று கேட்கும் வசதி, இணையத்தில் கோப்புகளைக் கேட்டு வாங்கும் முறையான எச்டிடிபியிலேயே இருக்கிறது. மாறவில்லை என்றால் அந்தப் பக்கத்து சேர்வர் 304 என்ற ஒரு சிறிய பதிலை மட்டும் தரும், முழுக் கோப்பையும் அனுப்பாது. செலவு இருபக்கமும் மிச்சம். மூலத் தளம் விழுந்துகிடந்தால் கடைசியாக எடுத்த பிரதி அப்படியே நிற்கும், எப்போது எடுத்தது என்ற குறிப்போடு.

வாசகரின் பிரவுசரிலிருந்தே நேராக ஓடையை எடுக்கப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வேறு தளத்தின் கோப்பை அந்தத் தளம் அனுமதிக்காமல் பிரவுசர் வாசிக்கவிடாது. அதைச் சுற்றிக்கொண்டு போவதற்காக இலவச விட்ஜெட் ஒன்றை, அதாவது வேறு நிறுவனம் நடத்தும் ஒரு ஆயத்தப் பெட்டியை, ஒட்டிவிடுகிறார்கள். மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் வருவது இப்படித்தான். அந்த விட்ஜெட் நிறுவனம் கடையைப் பூட்டினால் பெட்டியும் செத்துவிடும். ஓடைகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது, ஓடைகளைக் கலந்து தந்த யாஹூ பைப்ஸ் 2015இல் மூடப்பட்டது. அவ்வளவு பெரியவர்களே மூடும்போது பெயர் தெரியாத ஒரு விட்ஜெட்டை நம்பி ஊர்த் தளத்தை நிறுத்தக்கூடாது. ஓடையில் வருவதைச் சுத்தப்படுத்தாமல் அப்படியே பக்கத்தில் கொட்டவும் கூடாது. சிறுநிரல் எதையும் உள்ளே விடாமல் எழுத்தையும் இணைப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஏன், பேஸ்புக்கில் எல்லாம் வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறது. ஆனால் எதை முதலில் காட்டுவது என்பதை அங்கே வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள், திறந்தவுடன் வரும் பக்கத்தில் நேர வரிசையும் கிடையாது. அதைவிட, இந்த நாட்டில் அது எப்போதும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நாட்கணக்கில் முடக்கப்பட்டிருந்தன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கு நேரத்தில், மறுபடியும் முடக்கினார்கள். அந்த நேரங்களில் சாதாரண இணையத்தளங்கள் திறந்தன. ஓடைகள் ஓடின. அந்த 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது, போனில் மிச்சமிருக்கும் சார்ஜை எண்ணி எண்ணிப் பாவித்த காலம். வெறும் எழுத்தாலான ஒரு பக்கம், எங்கே எரிபொருள் கிடைக்கும், எப்போது கரண்ட் வரும் என்ற அறிவிப்போடு, படமோ காணொளியோ இல்லாமல் உடனே திறந்தது. அப்போதுதான் பல சங்கத்தார் இந்தப் பெட்டியை அலங்காரம் என்று சொல்வதை விட்டார்கள். "தம்பி, அதைக் கொஞ்சம் மேல ஏத்தும்" என்று ஒரு அக்கா இலண்டனிலிருந்து எழுதினார்.

இப்போது எனக்கிருக்கும் பெரிய மனக்குறை, ஓடை கொடுக்கும் தளங்கள் குறைந்துவருவது. புதிதாகத் தொடங்கும் உள்ளூர்ச் செய்தித் தளங்கள் சில, ஓடையைத் தெரிந்தே நிறுத்திவைத்திருக்கின்றன, செய்தியைத் திருடுகிறார்கள் என்ற பயத்தில். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் திருடுபவர் ஓடை இல்லாவிட்டாலும் பக்கத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டுதான் போவார். ஒழுங்காகப் பெயரோடும் இணைப்போடும் காட்ட நினைப்பவருக்குத்தான் கதவு மூடுகிறது. நான் அந்த ஆசிரியர்களிடம் போய்க் கதைக்கிறேன். முழுச் செய்தி தரவேண்டாம், தலைப்பும் முதல் பந்தியும் நேரமும் தாருங்கள் என்று கேட்கிறேன். சிலர் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

ஊர்த் தளங்களும் எடுப்பதோடு நிற்காமல் கொடுக்கவேண்டும். திருவிழா அறிவித்தலும் மரண அறிவித்தலும் வாசிகசாலைக் கூட்டமும் ஊரிலேயே எழுதப்படும் செய்திகள், அவற்றுக்கு நாமே மூலம். அதற்கென்று ஒரு ஓடை இருந்தால் பக்கத்து ஊர்த் தளமும் எடுத்துக் காட்டலாம், ரொறொன்ரோவில் இருக்கும் ஊர்ச் சங்கத்தின் தளமும் காட்டலாம். நான் பராமரிக்கும் தளங்களில் அதைச் செய்துவைத்திருக்கிறேன். மொழி தமிழ் என்ற குறிப்பு, ஒவ்வொரு செய்திக்கும் எப்போதும் மாறாத ஒரு அடையாள எண், நேரத்தோடு +0530. அறிவித்தலில் ஏதாவது திருத்தினால் எண் மாறாது, திருத்திய நேரம் மட்டும் மாறும். அப்போது எடுத்துக் காட்டும் தளங்களிலும் பழையது போய்த் திருத்தியது வரும், ஒரே மரணம் இரண்டு தரம் காட்டாது. அறிவித்தல் எழுதித் தருபவர்களிடம் "இன்று", "நாளை" என்று எழுதவேண்டாம், திகதியையும் கிழமையையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பழக்கம் மாறக் கொஞ்சக் காலம் எடுக்கிறது. மறந்துபோய் எழுதினால் ஏற்றுகிற பிள்ளை போன் எடுத்துக் கேட்டு மாற்றிவிடுகிறாள். ஓடையின் முகவரி முகப்பில் மேலேயே எல்லாருக்கும் தெரியும்படி இருக்கிறது. எடுத்துக் காட்டுபவர்கள் தலைப்பை முழுதாகவும் ஊரின் பெயரோடும் காட்டும்படி கேட்டு ஒரு வரி அதற்குக் கீழே போட்டிருக்கிறோம்.